தப்பாகிவிடுமோ என்று நின்ற நேரம்

கேட்டிருப்பது இதுதான். பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றிருந்த ஒருவர், ஐம்பது ஐம்பத்தைந்து வயது இருக்கும், சட்டென்று சரிந்து விழுந்துவிட்டார். பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கேள்வி கேட்டவர் சிபிஆர், அதாவது நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அமுக்கிச் செய்கிற முதலுதவி, செய்வதை வீடியோவில் பார்த்திருக்கிறார். ஆனாலும் தப்பாகச் செய்து எலும்பை உடைத்துவிட்டால் என்ன செய்வது, போலீஸ் கேஸ் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று தயங்கி நின்றுவிட்டார். ஆம்புலன்ஸ் வந்து பார்த்தபோது உயிர் இல்லை. அதிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லை. "நான் செய்து, அவர் என் கையிலேயே போயிருந்தால் இதைவிட மோசமாகத்தானே இருந்திருக்கும்?" என்று கேட்கிறார்.

நான் பதினெட்டு வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்தவள். இப்போது பள்ளி ஆசிரியர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், அடுக்குமாடி வாட்ச்மேன்கள் என்று கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். ஏறக்குறைய எல்லா வகுப்பிலும் இந்தக் கேள்வி வரும். எல்லார் முன்னாலும் வராது. டீ குடிக்க மற்றவர்கள் எழுந்து போன பிறகு ஒருவர் மட்டும் பின்தங்கி, பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மையைச் சுருட்டி வைக்க உதவுகிற மாதிரி வந்து, மெதுவாகக் கேட்பார்.

மோசமாக இருந்திருக்காது. இருந்திருக்கவே முடியாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் "எதையாவது செய், சும்மா நிற்காதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற ஆள் நான் இல்லை. சும்மா நிற்பதே நல்லது என்கிற இடங்களும் என் தொழிலில் நிறைய உண்டு. அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், வியர்க்கும், பேசுவார், இடது கை வலிக்கிறது என்பார். அவருடைய இதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவருக்கு நெஞ்சை அமுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். இதயம் நின்றுபோனவர் பேச மாட்டார். விழுவார். தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைவு இருக்காது. மூச்சு இருக்காது, அல்லது கரையில் போட்ட மீன் வாயைத் திறப்பதுபோல அரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பைப் பார்த்து "மூச்சு இருக்கு" என்று விட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அதில் போன உயிர்கள் ஏராளம். அது மூச்சு இல்லை. மூளையின் அடித்தண்டு கடைசியாக அனுப்பும் ஒரு துடிப்பு, அவ்வளவுதான்.

அந்த நிலையில் இருப்பவரைச் சாதாரணப் பேச்சில் என்ன சொல்வோம்? செத்துப்போனவர் என்றுதான் சொல்வோம். கெடுப்பதற்கு அங்கே மிச்சம் எதுவும் இல்லை. நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மூளை சேதமாக ஆரம்பிக்கும். மின் அதிர்ச்சி கொடுத்தால் திரும்பக்கூடிய வகைத் துடிப்பாக இருந்தாலும், யாரும் நெஞ்சை அமுக்காமல் விட்டால் பிழைக்கும் வாய்ப்பு நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் வரை இறங்கிக்கொண்டே போகும். நம் ஊர் நெரிசலில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 108 ஓட்டுகிற தம்பிகள் உயிரைக் கொடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் பத்து நிமிடத்துக்குள் வந்து நின்றாலே பெரிய விஷயம்.

அமுக்கினால் என்ன நடக்கிறது? வகுப்பில் நான் தெரு அடிபம்பைத்தான் காட்டுவேன். மோட்டார் நின்றுவிட்டது, ஆனால் தண்ணீர் இன்னும் இருக்கிறது. ஆள் விழுந்த நொடியில் அவர் ரத்தத்தில் பிராணவாயு இருக்கத்தான் செய்கிறது, ஓட்டிவிட ஆள் இல்லை. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையை வைத்து இரண்டு அங்குலம் அமுக்கினால் ரத்தம் தலைக்குப் போகிறது. அமுக்கிய கையை முழுவதும் மேலே விட்டால்தான் அடுத்த தடவைக்கு உள்ளே ரத்தம் நிரம்பும். பம்புக் கைப்பிடியைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி அடித்தால் தண்ணீர் ஏறுமா? அதே கதைதான். நன்றாகச் செய்தாலும் இதயம் தானாக அடிப்பதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ரத்தம்தான் ஓடும். அது போதும், மூளையைக் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்க வைக்க. உயிரைத் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாலும் நம் கை இல்லை, பின்னால் வருகிற மின் அதிர்ச்சிக் கருவி. அதுவரை கதவு மூடிவிடாமல் காலை வைத்துத் தடுத்துக்கொண்டிருப்பதுதான் நம் வேலை.

இந்த முறை கண்டுபிடிக்கப்பட்ட கதையே உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. 1950களின் கடைசி வரைக்கும் ஆபரேஷன் மேசையில் ஒருவருக்கு இதயம் நின்றால் அறுவை மருத்துவர் விலாவைக் கிழித்து, கையை உள்ளே விட்டு, இதயத்தைப் பிடித்துப் பிசைவார். தெருவில் விழுந்தவருக்கு அதைச் செய்ய முடியாதல்லவா? அமெரிக்காவில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் கூவன்ஹோவன் என்ற மின்பொறியாளர் (மருத்துவர் இல்லை, கவனியுங்கள்) அதிர்ச்சி கொடுக்கும் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரோடு வேலை பார்த்த நிக்கர்பாக்கர் என்ற மாணவர், நாயின் மார்பில் அந்தக் கனமான மின்தகடுகளை அழுத்தி வைக்கும்போதெல்லாம், மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்னாலேயே, ரத்த அழுத்தம் ஒரு துள்ளு துள்ளுவதைப் பார்த்தார். அப்படியானால் வெறும் அழுத்தமே போதுமோ? ஜேம்ஸ் ஜூட் என்ற அறுவை மருத்துவர் சேர்ந்துகொண்டார். 1959இல் மயக்க மருந்தில் இதயம் நின்றுபோன ஒரு பெண்மணிக்கு, நெஞ்சைத் திறக்காமல், மேலிருந்து அமுக்கிப் பார்த்தார். பிழைத்துக்கொண்டார். 1960இல் மூவரும் எழுதிய கட்டுரையில் 20 நோயாளிகள், அவர்களில் 14 பேர் பிழைத்தவர்கள். ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே விழுந்தவர்கள், அதனால்தான் அவ்வளவு நல்ல கணக்கு. ஆனால் அதில் அவர்கள் சொன்ன முக்கியமான சங்கதி வேறு: இதற்குக் கருவி வேண்டாம், இரண்டு கை இருந்தால் யாரும் எங்கேயும் ஆரம்பிக்கலாம் என்றார்கள். முதல் நாளிலிருந்தே இது உங்களைப் போன்றவர்களுக்காகச் செய்யப்பட்ட வித்தைதான். டாக்டருக்கு மட்டும் என்று நாமாகத்தான் நினைத்துக்கொண்டோம்.

நான் தூக்கிக்கொண்டு அலைகிற பொம்மைக்கும் ஒரு கதை உண்டு. நார்வேயில் பொம்மை செய்கிற ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் செய்தது. அவருடைய சின்னப் பையன் தண்ணீரில் மூழ்கி, அப்பாவே இழுத்துப் போட்டுக் காப்பாற்றியிருந்தார். பிற்பாடு மருத்துவர்கள் பயிற்சிக்கு ஒரு பொம்மை கேட்டபோது ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். அதற்கு அவர் வைத்த முகம், பாரிஸில் சேன் நதியில் கிடைத்ததாகச் சொல்லப்படுகிற, பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம். வகுப்புப் பையன்கள் அதற்குக் கேலிப் பெயர் வைப்பார்கள். இந்தக் கதையைச் சொன்னதும் அடங்கிவிடுவார்கள்.

சரி, உங்கள் நிறுத்தத்துக்கு வருவோம். பதினைந்து பேர் நின்றீர்களே, அதுதான் சிக்கலே. நீங்கள் தனியாக இருந்திருந்தால் ஒருவேளை குனிந்திருப்பீர்கள். 1968இல் நியூயார்க்கில் லட்டானே, டார்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். தனி அறையில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது எதிர்முனையில் ஒருவருக்கு வலிப்பு வருவதுபோலக் கேட்கும். கேட்பது தான் ஒருவன்தான் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் எழுந்து ஓடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம் பேர்தான். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. கை நடுங்கிக்கொண்டு, வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். தெரிந்தவர் யாராவது செய்வார், நாம் புகுந்து கெடுக்கக் கூடாது என்ற நினைப்பு பதினைந்து பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால், பதினைந்து பேரும் நிற்பார்கள்.

நம் ஊரில் அந்தக் கூட்டம் சும்மாவும் நிற்காது. எதையாவது செய்யும். அதுதான் வேடிக்கை. இதை ஒரு தடவை மிகக் கிட்டத்தில் பார்த்தேன்.

பன்னிரண்டு வருடம் இருக்கும். திண்டிவனம் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், இரண்டாவது பந்தி. ரசம் வந்துகொண்டிருந்தது. எனக்கு எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. இலையில் குழி பண்ணிக்கொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார், இலையும் கூடவே போனது. முதலில் எல்லாரும் நாற்காலி உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அப்புறம் "சர்க்கரை இறங்கியிருக்கும், சீனி கொடுங்க" என்றார் ஒருவர். "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே நாலு பேர் நெருங்கினார்கள். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். ஒருவர் எங்கிருந்தோ சோடா பாட்டில் கொண்டுவந்து முகத்தில் பீய்ச்சினார். அவருக்கு ஒரு இழுப்பு இழுத்தது. "மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு!" என்று ஒரு குரல். மண்டபமே பெருமூச்சு விட்டது.

நான் எழுந்து போக எவ்வளவு நேரம் ஆனது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்ல வராது. ஆறு வருட அனுபவம் அப்போதே இருந்தது. ஆஸ்பத்திரியில் மணி அடித்தால் கால் தானாக ஓடும். அங்கே ஓடவில்லை. பட்டுப் புடவை, பந்தி, மாப்பிள்ளை வீட்டார், இத்தனை பெரியவர்கள் இருக்க நான் என்ன என்று ஒரு யோசனை. அரை நிமிடமாவது போயிருக்கும். அதனால்தான் உங்கள் கதையைப் படித்தபோது எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை.

முழங்காலைச் சாம்பார் ஈரத்தில் ஊன்றி ஆரம்பித்தேன். மூன்றாவது அமுக்கிலேயே "மடக்" என்றது. விலா. வயதானவர்களுக்கு அது சகஜம். கைக்குக் கீழே முறுக்குப் பொட்டலம் நொறுங்குகிற மாதிரி இருக்கும், சொல்லிக் கொடுத்திருந்தாலும் முதல் தடவை குடலைப் பிரட்டும். "ஐயோ, நெஞ்ச ஒடைக்கிறா!" என்று ஒரு அத்தை கத்தினார்கள். நான் கையை எடுத்துவிட்டேன். பயிற்சி பெற்றவள், தெரிந்தவள், எடுத்துவிட்டேன். ஐந்து விநாடியோ பத்து விநாடியோ. அப்புறம் மறுபடியும் வைத்தேன்.

இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். யாருக்கும் ஓயும், பயில்வானுக்கும் ஓயும். அதனால்தான் ஆள் மாற்ற வேண்டும் என்கிறோம். சுற்றிலும் பார்த்தேன். முன்வந்தவன் பந்தி பரிமாற வந்த பையன் ஒருவன், பத்தொன்பது வயது இருக்கலாம், கையில் இன்னும் ரச வாளி. "இங்க வை கையை, முழங்கையை மடக்காதே, நான் எண்ணுவேன்" என்றேன். வாளியை ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தான். சொன்னதைச் சொன்னபடி செய்தான், என்னைவிட ஆழமாகவே. மாற்றி மாற்றி நாங்கள் இரண்டு பேரும் ஆம்புலன்ஸ் வருகிற வரை செய்தோம். பதினெட்டு நிமிடம். ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பையன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அக்கா, நான் சரியா பண்ணினேனா?" என்றான். சரியாகத்தான் பண்ணினாய் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். மூன்றாவது பந்தி உட்கார்ந்துவிட்டது, பாவம், வெளியூரிலிருந்து வந்தவர்கள் சாப்பிட வேண்டுமே.

"அந்த நர்ஸு பொண்ணு அமுக்கித்தான் அவர் போனாரு" என்று அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு இரண்டு வருடம் அந்த உறவில் எந்த விசேஷத்துக்கும் நான் போகவில்லை. செய்து தோற்பதற்கு விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை பாருங்கள். உண்டு. ஆனால் அந்த விலையைக் கொடுத்தது நான். படுத்துக் கிடந்தவருக்கு நான் அமுக்கியதால் ஒரு பைசா நஷ்டமும் இல்லை. உங்கள் கேள்வியில் இந்த இரண்டும் கலந்து கிடக்கிறது. "மோசமாக இருந்திருக்குமே" என்றால் யாருக்கு? உங்களுக்கு வேண்டுமானால் ஒருவேளை இருந்திருக்கலாம். அவருக்கு இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒரு ராத்திரி நாற்பது வயசுக்காரரைக் கொண்டுவந்தார்கள். வீட்டில் விழுந்திருக்கிறார். மனைவி அவரைக் கட்டிலில் இழுத்துப் போட்டு, மெத்தை மேலேயே வைத்து, ஒரே கையால், எண்ணிக்கை எதுவும் இல்லாமல், அழுதுகொண்டே அமுக்கியிருக்கிறார். டிவியில் எப்போதோ பார்த்ததாம். மெத்தை மேல் அமுக்கினால் பாதி விசை மெத்தைக்குத்தான் போகும், தரையில் போட வேண்டும். ஒரு கை போதாது. வேகம் தெரியாது. பரீட்சை வைத்திருந்தால் நான் அந்த அம்மாவைப் பெயில் ஆக்கியிருப்பேன். கணவர் பதினோராவது நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

உலகமே பார்த்த உதாரணமும் இருக்கிறது. 2003 ஜூன் 26, பிரான்ஸில் லியோன் மைதானத்தில் கேமரூன் வீரர் மார்க்-விவியன் ஃபோ ஆட்டத்தின் நடுவில், பக்கத்தில் யாருமே இல்லாத இடத்தில் சரிந்தார். ஸ்ட்ரெச்சரில் வெளியே தூக்கிப் போனார்கள், அதற்குப் பிறகு முயன்றும் பிழைக்கவில்லை. 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் அதேபோல விழுந்தார். இந்தத் தடவை தூக்கவில்லை. புல்தரையிலேயே நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார்கள், கருவி வந்து ஒரு அதிர்ச்சி கொடுத்தார்கள், ஸ்ட்ரெச்சரில் போகும்போதே கண் விழித்திருந்தார். எட்டு மாதத்தில் மறுபடியும் பந்தாட வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் இதயத்தில் இருந்த கோளாறு ஒன்றல்ல, அதனால் ஒன்றுக்கொன்று நேராக ஒப்பிட முடியாது. ஆனால் அந்த இரண்டு படக்காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் வகுப்பில் வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

இருந்தாலும் கணக்கை மறைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில், அமெரிக்கா மாதிரி வசதியான நாட்டிலேயே, பத்துக்கு ஒருவர் அளவில்தான் பிழைத்து வீடு திரும்புகிறார். பக்கத்தில் நின்றவர் உடனே அமுக்க ஆரம்பித்தால் அந்த வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு ஆகும் என்கிறார்கள். அப்போதும் பிழைக்காதவர்கள்தான் அதிகம். ஆகவே நீங்கள் அன்றைக்குக் குனிந்து அமுக்கியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். அனேகமாக அப்போதும் இறந்திருப்பார். தவிர, அவருக்கு இதயம்தான் நின்றதா, மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததா என்பதும் இங்கிருந்து எனக்குத் தெரியாது. உங்களால் ஒரு உயிர் போய்விட்டது என்று நினைத்துப் புழுங்கினால் அந்தக் கணக்கு தப்பு. போனது ஒரு வாய்ப்பு. அதுவே பெரிதுதான், ஆனால் கொலை இல்லை.

போலீஸ் பயத்துக்கு வருவோம். இது பழைய பயம், ஒரு காலத்தில் நியாயமான பயமும்கூட. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம், விபத்தில் உதவுகிறவர்களைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு கொடுத்தது. பெயர், முகவரி சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் பிடித்து உட்கார வைக்கக் கூடாது, பணம் கட்டச் சொல்லக் கூடாது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவே வந்துவிட்டது: நல்லெண்ணத்தோடு உதவும்போது கவனக்குறைவால் காயமோ மரணமோ ஏற்பட்டாலும் சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. இது சாலை விபத்துக்கானது. உங்கள் நிறுத்தத்தில் நடந்ததுபோல விபத்து இல்லாமல் விழுந்தவருக்கு? சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருப்பவருக்கு, அவர் நன்மைக்காக, நல்லெண்ணத்தில் செய்யும் காரியம் குற்றமாகாது என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 92ஆம் பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 30ஆம் பிரிவு. என் இத்தனை வருட வேலையில், சிபிஆர் செய்ததற்காக ஸ்டேஷனுக்குப் போனேன் என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

இப்போது நான் சொன்ன மறுபக்கம். செய்து கெடுப்பது என்று ஒன்று உண்டு, அது எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம். இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அது தானாக அடங்குகிற நேரத்தில் அடங்கும், சாவிக்குப் பெயர். சாவியாவது போகட்டும், வாயில் கரண்டியைக் கொடுத்துப் பல்லை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே செய்ய வேண்டியது பக்கத்தில் உள்ள கல்லையும் நாற்காலியையும் நகர்த்திவிட்டு, நேரம் பார்த்து, துள்ளல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். பாம்பு கடித்த காலை இறுக்கிக் கட்டிக் கத்தியால் கீறுவது, மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது, தீக்காயத்தில் பற்பசை பூசுவது, குத்திய கம்பியை ரோட்டிலேயே பிடுங்குவது, விபத்தில் கழுத்து அடிபட்டவரை நாலு பேர் கை காலைப் பிடித்து ஆட்டோவில் மடக்கிப் போடுவது, எல்லாம் உதவி செய்கிற வேகத்தில் நடப்பவைதான். இங்கெல்லாம் ஆள் உயிரோடு இருக்கிறார். அவருக்கு இன்னும் இழப்பதற்கு நிறைய இருக்கிறது. நாம் கையை வைக்காமல் இருந்தாலே பாதி நல்லது.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: நாம் சும்மா இருந்தால் அவருக்கு என்ன ஆகும்? அப்படியே தாக்குப்பிடிப்பார் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உதவியைக் கூப்பிடு. நிச்சயமாகச் செத்துவிடுவார் என்றால், தெரிந்த அரைகுறையை வைத்துக்கொண்டு இறங்கு. சந்தேகமாக இருந்தால்? அசைவும் இல்லை, ஒழுங்கான மூச்சும் இல்லை என்றால் அமுக்கலாம். இதயம் ஓடிக்கொண்டிருக்கிறவரைத் தெரியாமல் அமுக்கிவிட்டால் பெரிய கேடு வருவது அபூர்வம். வலிக்கும், முனகுவார், உங்கள் கையைத் தட்டிவிடுவார். தட்டிவிட்டால் சந்தோஷமாக எழுந்திருங்கள்.

விழுந்தவர் பெண்ணாக இருந்தால் தயக்கம் இரட்டிப்பாகிறது. வெளிநாடுகளிலும் பொது இடத்தில் விழுந்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகத்தான் யாராவது சிபிஆர் செய்கிறார்கள் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நம் ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமுக்குவதற்கு உடையைக் கழற்ற வேண்டியதில்லை, புடவை மேலேயே செய்யலாம். தாலிச் செயின் உறுத்தினால் ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும். பக்கத்தில் நிற்கிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு நீங்கள் சொல்லச் சொல்ல அவரைச் செய்ய வைத்தாலும் சரி. ஆனால் பெண் யாரும் இல்லை என்பதற்காக ஒரு பெண்ணைச் சாக விடாதீர்கள்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இரண்டு மணி நேர வகுப்புக்கு இது ஈடாகாது. ரோட்டில் வண்டி வருகிறதா, மின்கம்பி கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசையவில்லை, மூச்சு சரியில்லை என்றால் "யாராவது 108 போடுங்க" என்று பொதுவாகக் கத்தாதீர்கள், யாரும் போட மாட்டார்கள். ஒருவரைக் கண்ணைப் பார்த்து "நீல சட்டை அண்ணா, நீங்க 108 போட்டு ஸ்பீக்கர்ல வைங்க" என்று சொல்லுங்கள். ஒரு உள்ளங்கை மேல் இன்னொன்று, முழங்கை நேராக, உங்கள் தோள் அவர் நெஞ்சுக்கு மேலே. இரண்டு அங்குலம் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, அதாவது நொடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைய. பழக்கமில்லாதவர் வாயில் ஊத வேண்டியதில்லை. பொதுமக்களுக்கு வெறும் அமுக்கல் மட்டும் போதும் என்றுதான் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் 2017இல் கொண்டுவந்த வழிகாட்டுதலும் சொல்கிறது. குழந்தைகளும் தண்ணீரில் மூழ்கியவர்களும் விதிவிலக்கு, அவர்களுக்கு மூச்சும் வேண்டும். விமான நிலையம் மாதிரி இடமாக இருந்தால் சுவரில் ஏஇடி (நான் சொன்ன மின் அதிர்ச்சிக் கருவி) என்று எழுதிய பெட்டி இருக்கிறதா என்று ஒருவரை ஓடவிடுங்கள். திறந்தால் அதுவே பேசும், என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். நீங்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை.

எண்ணும்போது ஒரு சின்ன விஷயம். தமிழில் பத்துக்கு மேலே போனால் எண்ணெல்லாம் நீண்டுவிடும். பதினேழு, பதினெட்டு, இருபத்து மூன்று என்று வாய் இழுக்க, கையும் கூடவே மெதுவாகிவிடும். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி மறுபடியும் ஒன்றுக்கு வாருங்கள். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்தப் புத்தகமும் இல்லை, வகுப்புக்கு வந்த ஒரு பறை அடிக்கிற அண்ணன்.

கடைசியாக, மறுபடியும் ஒருவர் விழுந்தால் மறுபடியும் உறைந்துபோய்விடுவேனோ என்றும் எழுதியிருந்தீர்கள். உறைவீர்கள். நானே உறைந்தேன். வீடியோ எத்தனை பார்த்தாலும் அது போகாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. பக்கத்தில் எங்காவது வகுப்பு நடந்தால் ஒரு சனிக்கிழமை போய்ப் பொம்மையின் நெஞ்சை இரண்டு நிமிடம் அமுக்கிப் பாருங்கள். மறுநாள் காலையில் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். தரை கடினமாக இருக்கும், முழங்காலுக்குப் போட ஒரு பழைய துண்டு எடுத்துக்கொண்டு போங்கள்.